நீரும் நம்பிக்கையும்: பிளாத்தோனவ், பிரேம்சந்த் ஆகியோரின் இரு சிறுகதைகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

ஊருக்கு நீர் கொண்டுவருதல் என்னும் செயல் அறங்களுட் சிறந்ததாக இலக்கியங்களிற் போற்றப்பட்டு வந்துள்ளது. புறநானூற்றின் 18ஆம் பாடலில், குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, உடம்பு உணவால் ஆயதென்றும், உணவென்பது நிலமும் நீரும் கூடியதென்றும் எடுத்துரைத்து, அவ்விரண்டையும் ஒன்றுசேர்ப்போரே உயிரையும் உடம்பையும் படைத்தோராவர் என அறிவுறுத்துகின்றார். மறுமைச் செல்வமும் இம்மைப் புகழும் வேண்டுவோன் நீர்நிலைகளைப் பெருக்குதல் வேண்டுமென்பது அவர் கூற்றின் சாரமாகும். நீருக்கும் நம்பிக்கைக்குமுள்ள தொடர்பைத் தமிழிற் கூறும் தொன்மையான சான்றுகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். ஆயினும், நீரின் பயன் ஊருக்குரியதாகவும் அதனால் வரும் புண்ணியமும் புகழும் அரசனுக்குரியனவாகவும் இப்பாடலிற் பங்கிடப்பட்டிருத்தல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மண் வெட்டியவரும் சுமந்தவரும் அப்பங்கீட்டில் இடம்பெறவில்லை.

இப்பழைய பங்கீடு மறைந்துவிட்டதெனக் கூறமுடியாது. தொண்டு நிறுவனங்களின் வெளியீடுகளிலும் சமயச் சஞ்சிகைகளிலும் பயின்றுவரும் ஒருவகைக் கதையை வாசகர்கள் அறிவர். வாழ்க்கையில் மனமுடைந்த ஒருவர் தொலைவிலுள்ள வறிய கிராமமொன்றுக்குச் செல்கின்றார். அங்கு கிணறு தோண்டப்படுகின்றது. பிள்ளைகள் தெளிந்த நீர் பருகுகின்றனர். வயிற்றோட்டமும் காய்ச்சலும் குறைகின்றன. சென்றவரும் தாம் இழந்த இறைநம்பிக்கையை மீளப்பெற்று, உள்ளத்தின் நோய் நீங்கியவராய்த் திரும்புகின்றார். இத்தகைய முயற்சிகளால் விளையும் நன்மையை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. நோயின்றிப் பிழைத்த குழந்தையின் உயிர் எந்த விமர்சனக் கோட்பாட்டிலும் பெரியது. ஆயின் கதை என்ற வகையில் நோக்குமிடத்து, இங்கு யாருடைய குணமடைதல் கூறப்படுகின்றது என்ற வினா எழாமற் போகாது. கிராமம் மருந்தாக அமைய, வந்தவரே நோயாளியாகவும் கதைத்தலைவராகவும் ஆகின்றார். அக்கிராமத்தவர் அதுகாறும் நீரின்றி இருந்தமைக்கான காரணம் இயற்கையின் குறையாகவோ இறைவனின் சோதனையாகவோ கூறப்பட்டு அத்துடன் முடிகின்றது.

இதற்கு எதிர்முனையில் நிற்பதும் குறைபாடுடையதே. குழாய்நீர் வந்தால் கடவுள் போய்விடுவார் என்னும் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதம் எம்மிடையே முற்போக்குச் சிந்தனையின் பெயரால் உலவியதுண்டு. சமயத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸின் கூற்றை மேற்கோளாகக் காட்டுவோர், 1844இல் வெளிவந்த அதே கட்டுரையில் அவர் சமயத்தை ஒடுக்கப்பட்டோரின் துயரவெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான முறையீடாகவும் கண்டதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். முன்னைய போக்கு கிணற்றை நம்பிக்கைக்குச் சான்றாக்குகின்றது. பின்னையது நம்பிக்கைக்கு மாற்றாக்குகின்றது. கிணறு யாருடையது என்ற வினாவை இரண்டும் கேட்பதில்லை.

அவ்வினாவை எழுப்பி விடைகாண முயன்ற இரு சிறுகதைகளை இக்கட்டுரை ஒப்புநோக்குகின்றது. ஒன்று ருஷ்ய எழுத்தாளர் அந்திரேய் பிளாத்தோனவ் 1926இல் எழுதி 1939இல் வெளியான ‘மின்சாரத்தின் தாயகம்’. மற்றையது பிரேம்சந்த் 1932இல் ஹிந்தியில் எழுதிய ‘தாக்கூரின் கிணறு’. ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், வறண்ட கிராமம், நல்ல நீர், தெய்வ நம்பிக்கை என்னும் மூன்றையும் ஒரே சட்டகத்துட் கொண்டுவந்தமை தற்செயலானதெனினும் பயனுள்ள ஒப்பீட்டுக்கு இடமளிக்கின்றது.

2

பிளாத்தோனவ் 1899இல் வரோனிஷ் நகரில் புகையிரதத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். புரட்சியை ஆதரித்து இளமையிலேயே கவிதைகளும் கட்டுரைகளும் எழுதியவர். 1921ஆம் ஆண்டின் கொடிய வரட்சியும், ஏறத்தாழ 50 இலட்சம் மக்களைப் பலிகொண்ட பஞ்சமும் அவரது வாழ்க்கையைத் திசைதிருப்பின. தொழில்நுட்பம் கற்ற ஒருவன் அந்நிலையில் இலக்கியம் என்னும் சிந்தனைத்தொழிலில் மட்டும் ஈடுபட்டிருத்தல் இயலாது எனக் கருதிய அவர், நிலச்சீர்திருத்தப் பொறியியலாளராகப் பணியாற்றினார். வரோனிஷ் மாகாணத்தில் அவரது மேற்பார்வையில் அமைக்கப்பட்ட குளங்கள் 700க்கும் மேற்பட்டவை. கிணறுகள் 300க்கும் மேற்பட்டவை. நீர் கொண்டுவருதல் பற்றி எழுதியோருள் உண்மையில் நீர் கொண்டுவந்தவர் அவர் என்பதனாலேயே அவரது கதை தனிக்கவனத்துக்கு உரியதாகின்றது.

கதை 1921ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்கின்றது. வெர்ச்சோவ்கா என்னும் கிராமத்தின் எழுதுவினைஞன் உதவி கோரிச் செய்யுள்வடிவிற் கடிதம் அனுப்புகின்றான். அதன் பேரில் இளம் தொழில்நுட்பவியலாளன் ஒருவன் அக்கிராமத்துக்கு நடந்து செல்கின்றான், கதைகூறுபவனும் அவனே. வழியில், மழைவேண்டித் திருவுருவங்களுடன் புழுதியில் ஊர்வலம் வருவோரைச் சந்திக்கின்றான். அவர்கள் சுமந்துவரும் மரியாளின் படத்திற் குழந்தை இல்லை. அம்முகத்தில், தெய்வத்தின் தயவை எதிர்பாராது தன் உழைப்பால் வாழும் தொழிலாளப் பெண்ணொருத்தியின் சாயலை அவன் காண்கின்றான். ஊர்வலத்தில் வந்த மூதாட்டி ஒருத்தியோடு உரையாடுகின்றான். உழைப்பாலும் துயராலும் தேய்ந்து சிறுத்த அவளது உடலைக் கண்டு, தன் வாழ்வை அவளுக்கே அர்ப்பணிப்பதெனத் தீர்மானிக்கின்றான். இளமையில் வாழ்நாள் மிகுதியாக இருப்பதாகவும் அது எல்லா மூதாட்டியருக்கும் உதவப் போதுமானதாகவும் தோன்றும் என்னும் பொருள்பட அதற்குக் காரணமும் கூறுகின்றான். பரிவும் மெல்லிய எள்ளலும் ஒருங்கே கலந்த இக்கூற்றிற் பிளாத்தோனவின் தனித்துவம் புலனாகின்றது.

கிராமத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் இயந்திரத்தைக்கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்கின்றனர். அதற்கு எரிபொருளாவது தானியத்திலிருந்து காய்ச்சப்பட்ட சாராயம். பஞ்சகாலத்தில் உணவுத்தானியம் விளக்கெரியச் செலவாகும் இம்முரண்பாட்டை ஆசிரியர் மறைக்கவில்லை. அவ்வியந்திரத்தையே நீரிறைக்கும் பொறியாக மாற்றி, விதவைகளினதும் செஞ்சேனை வீரர்களின் குடும்பங்களினதும் நிலத்துக்கு நீர் பாய்ச்சுவதற்கு வழிசெய்கின்றனர். ஈற்றில் அவ்விளைஞன் வறியவனாகவும் அமைதியுற்றவனாகவும் இருளில் தனியே நடந்து செல்கின்றான். வாழ்வின் பணிகளுள் ஒன்று நிறைவேறிற்று என்பதே அவன் கொண்ட நிறைவு.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பலாம். வெளியிலிருந்து வந்தவன், நீர் தந்தவன், மன அமைதியோடு திரும்பியவன் என்றவாறு நோக்கின் இதுவும் மேலே கூறிய தொண்டுக்கதையின் மறுவடிவமன்றோ? மேலோட்டமாக அவ்வாறு தோன்றினும், வேறுபாடு அடிப்படையானது. இக்கிராமத்தில் நீர் யாருக்கு முதலிற் செல்லவேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகின்றது. உழைக்கும் ஆண்துணையை இழந்தோரும் பிரிந்தோருமே முதன்மை பெறுகின்றனர். பொறியோ நகரத்திலிருந்து வந்த கொடையன்று. கிராமத்தவர் ஏற்கெனவே தம் முயற்சியால் இயக்கிவந்த இயந்திரமே வேறு பயனுக்குத் திருப்பப்படுகின்றது. மேலும், இளைஞன் பெறும் அமைதி நன்றியுணர்வால் வந்ததன்று. மூதாட்டியின் துயரைத் தன் கடனாக ஏற்றவன் அக்கடனின் ஒரு பகுதியைத் தீர்த்ததனால் வந்தது அது.

எனினும் இக்கதையின் ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். மூதாட்டியில் தொடங்கும் கதை விரைவில் அவளைவிட்டு இயந்திரத்தின்பாற் செல்கின்றது. அவளது நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியும் வாய்ப்பு எமக்கு இல்லை. பொறியியலாளனின் உள்ளத்தை ஆசிரியர் உள்ளிருந்து காட்டுகின்றார். மூதாட்டியை வெளியிலிருந்தே நோக்குகின்றார். மக்களுக்காக வரலாறு படைக்கப்பட்ட வேளையில் மக்களின் குரல் எவ்வாறு பின்தள்ளப்படலாம் என்பதற்கு இதனை ஒரு சிறு முன்னறிகுறியாகவும் வாசிக்கலாம். பிளாத்தோனவுக்கே அது பின்னர் நேர்ந்தது. 1931இல் வெளிவந்த அவரது படைப்பொன்று ஸ்டாலினின் சினத்துக்கு ஆளானது. அதன்பின் அவரது எழுத்துக்களுட் பல நெடுங்காலம் அச்சேறவில்லை. அவரது முக்கிய நாவல்கள் 1980களின் பிற்பகுதியிலேயே சோவியத் நாட்டில் வெளிவந்தன.

3

பிளாத்தோனவ் வெளியிலிருந்து நோக்கிய இடத்தில் பிரேம்சந்த் உள்ளிருந்து நோக்குகின்றார். ‘தாக்கூரின் கிணறு’ சில பக்கங்களே கொண்ட கதை. நோயுற்றிருக்கும் ஜோக்கு நீர் கேட்கின்றான். மனைவி கங்கி கொண்டுவந்த நீர் நாறுகின்றது. அவர்கள் அள்ளும் கிணற்றில் ஏதோ விலங்கு விழுந்து இறந்திருக்க வேண்டும். ஊரில் வேறு கிணறுகள் உள. ஒன்று தாக்கூருடையது, மற்றொன்று வணிகனுடையது. இரண்டும் தீண்டாச் சாதியினராகிய இவர்களுக்கு மூடப்பட்டவை. கணவன் தடுத்தும், கங்கி இரவு ஒன்பது மணிக்குத் தாக்கூரின் கிணற்றடிக்குச் செல்கின்றாள். மறைந்து காத்திருந்து, தருணம் பார்த்துக் குடத்தை இறக்கி, நிறைந்த குடத்தைக் கிணற்றுக்கட்டுவரை இழுத்தும் விடுகின்றாள். அவ்வேளையில் தாக்கூரின் வீட்டுக் கதவு திறக்கின்றது. கயிறு கைநழுவ, குடம் நீரில் விழ, அவள் ஓடுகின்றாள். வீட்டுக்கு வந்தபோது ஜோக்கு அந்த நாறும் நீரையே குடித்துக்கொண்டிருக்கின்றான்.

கெட்ட நீர் நோயை வளர்க்கும் என்பதைக் கங்கி அறிவாள். கொதிக்கவைத்தால் அக்கேடு நீங்கும் என்பதை அறியாள் என ஆசிரியர் ஓரிடத்திற் குறிப்பிடுகின்றார். இதனைக்கொண்டு, கதையின் துயருக்கு அறியாமையே காரணம் என வாதிடுதல் கூடும். சுகாதாரக் கல்வியாற் சாதிப்பிரச்சினை தீருமென்று கருதும் சீர்திருத்தவாதிகளுக்கு அது உவப்பானதும்கூட. ஆனால் கதையின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை. கிணற்றடியில் மறைந்திருக்கும் கங்கியின் சிந்தனையூடாக ஊரின் முழு அதிகார அமைப்பும் வெளிப்படுகின்றது. நூல் அணிந்தமையால் இவர்கள் உயர்ந்தவர்களா என அவள் வினவுகின்றாள். ஆட்டைத் திருடியவன், வீட்டிற் சூதாட்டம் நடத்துபவன், நெய்யில் எண்ணெய் கலந்து விற்பவன் ஆகியோரே உயர்ந்தோர் எனப்படுகின்றனர். கூலியின்றி வேலைசெய்ய மறுத்த ஒருவன் இரத்தம் கக்கும்வரை அடிக்கப்பட்டதை அவள் நினைவுகூர்கின்றாள். வாயிலிற் கூடியிருந்தோரோ தாக்கூர் கையூட்டுக் கொடுத்து வழக்கை வென்ற திறமையைப் புகழ்கின்றனர். நீர்மறுப்பு, கட்டாய உழைப்பு, நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள் என்பதை இச்சிறு விவரங்களே நிறுவுகின்றன. கொதிநீர் பற்றிய அறிவு கங்கியை எட்டாமையும் அந்த அமைப்பின் விளைவேயன்றித் தனிக்காரணமன்று.

எமது பொருளுக்கு இன்றியமையாத இன்னொரு நுட்பமும் இக்கதையில் உண்டு. குடத்தை இறக்குமுன் கங்கி தெய்வங்களை நினைத்து நெஞ்சை உறுதியாக்கிக் கொள்கின்றாள். பிளாத்தோனவின் ஊர்வலத்தில் வேண்டுதல் செயலின் இடத்தை எடுத்துக்கொண்டது. இங்கு அது செயலுக்குத் துணைநிற்கின்றது. தடுக்கப்பட்ட கிணற்றில் நீரள்ளுதல் அவளது சமூகத்தின் வழக்கப்படி பாவம். அப்பாவத்தைச் செய்வதற்கே அவள் தெய்வத்தின் துணையை நாடுகின்றாள். ஒடுக்குவோரின் தெய்வமும் ஒடுக்கப்பட்டவளின் தெய்வமும் ஒரே பெயருடையனவாயினும் ஒன்றல்ல என்பதை இதனிலும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

4

இரு கதைகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ‘சுத்தம்’ பற்றியது. சுத்தமான நீர் எனும்போது நாம் இன்று நோய்க்கிருமியற்ற நீரையே கருதுகின்றோம். ஆனால் தெற்காசியச் சமூகங்களில் அச்சொல் துடக்கு, தீட்டு ஆகியவற்றோடும் பிணைந்துள்ளது. 1927 மார்ச் 20ஆம் திகதி மகாராட்டிரத்தின் மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சவுதார் குளத்தின் நீரை அள்ளிப் பருகினர். நகரசபை 1924இலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்த குளம் அது. பின்னர் உயர்சாதியினர் சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் நிறைந்த 108 குடங்களைக் குளத்திற் கவிழ்த்து அதனைத் ‘தூய்மை’ செய்தனர். நீர் அழுக்காக்கப்பட்ட செயலுக்கே தூய்மையாக்கல் என்னும் பெயர் வழங்கிற்று. கங்கியின் கிணற்றிற் செத்த விலங்கு கிடப்பதும், தாக்கூரின் கிணறு அவள் தீண்டாதவாறு காக்கப்படுவதும் இந்த முரண்பாட்டின் இரு பக்கங்களே. ஆகவே சுத்தநீர் என்பது விஞ்ஞானப் பிரச்சினையாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

இரண்டாவது, குணமடைதல் பற்றியது. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவன், நீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவருமில்லை என்று முறையிடுவதாகக் கூறப்பட்டுள்ளது. குணமளிக்கும் நீர் கண்முன் இருந்தும் அதனை எட்டுவதற்கு மனிதத்துணை இல்லாமையே அவனது இரண்டாவது நோயெனலாம். இம்முறையீட்டில் வெளிப்படும் சமூக உண்மை கங்கிக்கும் பொருந்தும். மகாட்டில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நீர் பருகி ஐந்தாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட கதையில், பிரேம்சந்த் ஒரு பெண்ணை இருளில் தனியே அனுப்புகின்றார். இதனை அவநம்பிக்கைவாதமெனக் கொள்வோர், தனிமையே இக்கதையின் விமர்சனப் பொருள் என்பதைக் காணத்தவறுகின்றனர். கிணற்றடிக்கு வந்த உயர்சாதிப் பெண்கள் இருவர், தம் வீட்டு ஆண்கள் தம்மை அடிமைகள்போல் ஏவுவதாகக் குறைபட்டுக் கொள்கின்றனர். அதைக் கேட்டு மறைந்திருக்கும் கங்கியோ அவர்களிடம் நீர் கேட்க இயலாதவள். ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் இனங்காணாதவரை குடம் கிணற்றுக்கட்டைத் தாண்டாது என்பதே கதையின் உட்பொருள்.

மூன்றாவது, நம்பிக்கை பற்றியது. தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் இறைவன்பால் வைக்கும் பற்றையும், மனிதர் ஒருவர்பால் ஒருவர் வைக்கும் உறுதிப்பாட்டையும், வருங்காலம் குறித்த எதிர்பார்ப்பையும் ஒருங்கே குறிக்கும். நீர் கொண்டுவரும் கூட்டுழைப்பில், முதலாவது பொருள் ஏனைய இரண்டாகவும் விரிவடைய முடியும். வெர்ச்சோவ்காவில் அது தொடங்குகின்றது. தாக்கூரின் கிணற்றடியில் அது தடைப்படுகின்றது. கங்கியிடம் ஊக்கம் குறைவாக இருந்ததென்றோ தெய்வம் செவிசாய்க்கவில்லையென்றோ கூறமுடியாது. வெர்ச்சோவ்காவில் நிலவுடைமை தகர்க்கப்பட்டிருந்தது. கங்கியின் ஊரில் அது காவல் நின்றது. நம்பிக்கை தன்னளவில் விடுதலையுமன்று, மயக்கமுமன்று. அது எச்செயலோடு இணைகின்றது, எவ்வுடைமை உறவை எதிர்கொள்கின்றது என்பவற்றைப் பொறுத்தே அதன் தன்மை அமைகின்றது.

5

இம்முடிவுகள் எமது இலக்கியத்துக்கும் பொருத்தமுடையன. வற்றாத ஆறுகள் அற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கற் படைகளில் ஊறும் நிலத்தடி நீரே வாழ்வின் ஆதாரம். அங்கு கிணறும் துலாவும் தோட்டமும் வேளாண்மைக் கருவிகளாக மட்டுமன்றிச் சமூக அதிகாரத்தின் கருவிகளாகவும் விளங்கின. ஒடுக்கப்பட்ட மக்கள் வெறுங்குடத்துடன் கிணற்றடியிற் காத்துநின்று, உரிமையுடையோர் அள்ளி ஊற்றும் நீரைப் பெற்றுச்சென்ற வரலாறு அண்மைக்காலத்ததே. பொதுவிடங்களிற் சாதியின் பெயரால் தடைவிதித்தலைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும், 1960களின் பிற்பகுதியில் ஆலயங்களையும் தேநீர்க்கடைகளையும் திறப்பிக்க மக்கள் போராட வேண்டியிருந்தது.

‘பஞ்சமர்’ ஆசிரியர் கே. டானியல் தமது பிற்கால நாவல்களுள் ஒன்றுக்குக் ‘கானல்’ என்றும் பிறிதொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றும் பெயரிட்டமை இவ்வகையிற் கருத்தூன்றிக் கவனிக்கத்தக்கது. மதமாற்றத்தினூடாக மனிதகௌரவத்தைத் தேடிய மக்களின் அனுபவத்தை முன்னையது ஆராய்கின்றது; நீருக்கான உரிமையைப் பின்னையது பொருளாகக் கொள்கின்றது. புதிய மதமேனும் தம்மை மனிதராக ஏற்குமென நம்பியோரின் வேட்கை உண்மையானது. தண்ணீர் என அவர்கள் கண்டதே கானலாயிற்று. டானியலின் நாவல்களில் உருவச்செப்பம் குறைவு என்பார் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நம்பிக்கை, நீர், உடைமை ஆகிய மூன்றையும் பிரிக்காது நோக்கிய பார்வையால் அவர் பிரேம்சந்தின் வழித்தோன்றலாகின்றார்.

இன்று அதே கிணறுகள் வேறு வகையிலும் மூடப்படுகின்றன. செயற்கை உரங்களால் நைத்திரேற்று மிகுந்தமையும், 2010களின் நடுப்பகுதியிற் சுன்னாகப் பிரதேசக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையானமையும் யாவரும் அறிந்தவை. சாதி காவல்காத்த நீரை இலாபநோக்கும் கவனயீனமும் கெடுத்துள்ளன. இந்நிலையில் நீர் வழங்க முன்வருவோரும், அப்பணியில் ஆறுதலும் இறைநம்பிக்கையும் காண்போரும் தோன்றுதல் இயல்பே. அவர்தம் அனுபவம் இலக்கியமாவதையும் வரவேற்கலாம். எனினும் அத்தகைய படைப்புக்களை மதிப்பிடும் விமர்சகன், கிணறு யாருடையது, அதனைத் தோண்டியோர் யாவர், குணமடைந்தோராகக் காட்டப்படுவோர் யாவர் என்னும் வினாக்களைக் கைவிடலாகாது. பிளாத்தோனவின் மூதாட்டியும் பிரேம்சந்தின் கங்கியும் தம் குரலிற் பேசும் கதை தமிழில் இனித்தான் முழுமையாக எழுதப்படவேண்டும். அதற்கான வாழ்க்கை அனுபவம் எமது கிணற்றடிகளில் நிறையவே உண்டு.